வருகையாளர் பூஜ்யம்

மாலை ஆறே முக்கால். மலைச்சரிவில் ஒற்றை ரோடு. எதிரே ஒரு வண்டி இல்லை... பின்னாலும் இல்லை. ஈ காக்கா கிடையாது.

இருங்கள், முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். போனை எல்லாம் கவிழ்த்து வையுங்கள், முகத்தில் வெளிச்சம் அடித்தால் எனக்குக் கதை வராது. நடுவில் 'அப்புறம், அப்புறம்' என்று பிடுங்கினாலும் வராது. இப்போதே சொல்லிவிட்டேன்.

நம் சோடா இருக்கிறானே, தடிமனான கண்ணாடி போட்டவன், அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவர்கள் வீட்டில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். சின்னச் சின்ன வியாபாரிகளின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். நீங்கள் இப்போது சிரிக்கிறீர்களே, அதே மாதிரி.

அன்றைக்கு அவர் போய்க்கொண்டிருந்தது ஒரு விடுதிக்கு. ரோடு முடிகிற இடத்தில் அது ஒன்றுதான் கட்டடம். அதற்கப்புறம் மரங்கள்தான். விடுதியை நடத்துகிற அம்மாள் காலையிலிருந்து போனில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "இன்னைக்கு நீ நேர்ல வர்ற. வரலைன்னா நான் உன் வீட்டுக்கு வருவேன்." அப்படிப்பட்ட வாய்.

மாப்பிள்ளைக்குப் போக மனமே இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு பிடித்துக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அக்கம்பக்கத்தில் ஆள் பழக்கமில்லை. வீட்டில் சோடாவின் அக்காவும் மூன்று வயதுக் குட்டியும் மட்டும். குட்டிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க, என்னால தனியா சமாளிக்க முடியாது," என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினாள். வழியெல்லாம் அவர் நினைப்பு அங்கேதான் இருந்தது.

விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது வாடை. ஈரத்துணியைக் காயவைக்காமல் மடித்து வைத்தால் வருமே... அது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் அந்த அம்மாள். உட்கார் என்று சொல்லவில்லை. கையை நீட்டினார்.

"வண்டிச் சாவியைக் குடு."

"எதுக்கும்மா?"

"குடுன்னா குடு."

வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். "இங்க தங்குறவங்க அத்தனை பேரும் வெப்சைட்டைப் பார்த்துத்தான் வந்தோம்னு சொல்றாங்க. உன் கணக்கைத் திறந்தா வருகையாளர் பூஜ்யம். போன மாசம் பூஜ்யம், அதுக்கு முந்தின மாசம் பூஜ்யம். யார் கண்ணுல மண்ணைத் தூவுற? வர்ற ஆளுங்களை எவனுக்குத் தள்ளிவிடுற? கணக்கு சரியாகாம வண்டி நகராது."

மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. இதற்கு முன்னால் இந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பாதியில் விட்டுப் போய்விட்டான். இவர் கைக்கு வந்து சில மாதங்கள். யார் வந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று கணக்கு வைக்க அதில் ஒரு பிளகின், அதாவது வெப்சைட்டோடு ஒட்டவைக்கிற சின்ன நிரல், இருந்தது. அது ஓடுகிறதென்று நினைத்து இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

மடிக்கணினியைத் திறந்தார். இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒன்று ஒன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும், எதை அணைத்ததும் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணுகிற நிரல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பழைய பக்கங்களைச் சேமித்துவைத்துக் காட்டுகிற கேஷை அழித்தார். பூஜ்யம். பாதுகாப்புப் பிளகினை நிறுத்தினார். பூஜ்யம். தன் போனில் விடுதியின் வெப்சைட்டைத் திறந்து தானே வருகையாளர் ஆனார். அதற்கும் பூஜ்யம், மூடிவிட்டார். அந்த அம்மாள் எதிரே நின்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எங்கோ ஒரு குழாய்... சொட்டு. சொட்டு.

கடைசியாக விலக்குப் பெட்டி.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை எண்ணும்போது வீட்டு ஆட்களைச் சேர்த்து எண்ணுவோமா? மாட்டோம். அதே மாதிரிதான் இதுவும். கடைக்காரரே தன் வெப்சைட்டைத் தினம் பத்து தடவை திறந்து பார்ப்பார், அவரையும் எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் 'இவர்கள் வருகையாளர் இல்லை, நம் ஆட்கள், எண்ணாதே' என்று சொல்ல ஒரு பெட்டி. அதில் யாருடைய அடையாளத்தை எழுதுகிறோமோ அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வருவதென்னவோ வந்துகொண்டுதான் இருப்பார்கள். திரையில் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான்.

விடுதியின் விலக்குப் பெட்டியில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. எல்லோரும் என்று அதற்குப் பொருள். உலகத்தில் யாரையும் எண்ணாதே.

"எந்த மடையன் இப்படிப் பண்ணுவான்," என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டு அந்தக் குறியை அழித்துச் சேமித்தார். இத்தனை நாளாக மறைந்து கிடந்த கணக்கு எல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது. ஆயிரக்கணக்கில். முகப்புப் பக்கம், அறைகள் பக்கம், தொடர்புப் பக்கம். பெருமூச்சு விட்டுத் திரையை அந்த அம்மாளின் பக்கம் திருப்பினார்.

அந்த அம்மாள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. திரையின் அடியில் 'இப்போது இருப்பவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்தார்.

இப்போது இருப்பவர்: ஒருவர். புதியவர். நாடு தெரியவில்லை. கருவி தெரியவில்லை. பார்க்கும் பக்கம்... 'பின் படிக்கட்டு'.

அப்படி ஒரு பக்கம் அந்த வெப்சைட்டில் கிடையாது.

மாப்பிள்ளை முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார். புதுப்பித்தார். 'மாடி நடை'. மறுபடியும் புதுப்பித்தார். 'முன் படிக்கட்டு'. மரப்படி அது. தலைக்கு மேலே ஒரு பலகை... கிரீச். நின்றது. இன்னொரு பலகை. குழாய்ச் சொட்டு நின்றுபோயிருந்தது, எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஈரத்துணி வாடை இப்போது முகத்துக்கு நேரே அடித்தது.

"மேல யாராவது தங்கியிருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல," என்றார் அந்த அம்மாள். குரலில் கோபமே இல்லை. 

நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுப் போன பழைய ஆளின் போன் நம்பர் அந்த வெப்சைட்டின் கணக்கில் இருந்தது. அதை அழுத்தினார். நடந்ததை இரண்டு வரியில் சொன்னார். 

"நட்சத்திரத்தை அழிச்சிட்டீங்களா?"

"ஆமா."

"முதல்ல நான் ஒண்ணே ஒண்ணைத்தான் விலக்கினேன் சார். மறுநாள் அது வேற அடையாளத்துல வந்துச்சு. அதையும் போட்டேன். மறுபடி வேற. போட்டுப் போட்டு... கடைசில எல்லாரையும் போட்டுட்டேன். அது போகலை சார். எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாம இருந்தா போதும்னு ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்துக்கு அடியில உங்க பேர் இருக்கா?" என்று கேட்டான்.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வெப்சைட்டின் கடைசி வரியில் 'பராமரிப்பு: இன்னார்' என்று பொடி எழுத்தில் தன் பெயரைப் போட்டு, அதை அழுத்தினால் தன் சொந்த வெப்சைட்டுக்குப் போகிற மாதிரி வைத்துவிடுவார்கள். காசில்லாத விளம்பரம். மாப்பிள்ளையும் வைத்திருந்தார்.

"இருக்கு. ஏன்?"

"எடுங்க! இப்பவே எடுங்க! நான் என் பேரை எடுத்துட்டுத்தான்—"

திரை தானாக மாறியது. 'வரவேற்பு மேசை.' அடுத்த கணம், 'நாற்காலியின் பின்புறம்'. மாப்பிள்ளையின் பின்கழுத்தில் ஈரமாக ஏதோ பட்டது போல இருந்தது. திரும்பினாரா என்று சோடா கேட்டிருக்கிறான். "திரும்பற தைரியம் இருந்தா நான் ஏன்டா உன்கிட்ட இதைச் சொல்லிட்டிருக்கேன்," என்றாராம்.

அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது. 'வெளியேறினார். வழி: பராமரிப்பாளர் பெயர்.'

வாடை சட்டென்று நின்றுவிட்டது. கட்டடமே லேசாகிவிட்ட மாதிரி. அந்த அம்மாள் திரையை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மாப்பிள்ளையின் மடியில் எறிந்தார்.

"கிளம்பு. இனிமே இங்க வராதே. பக்கத்துக்கு அடியில உன் பேர் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

எப்பேர்ப்பட்ட பாவி பாருங்கள். கணக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அதைத் தள்ளிவிட ஒரு வழி வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு அந்தப் பேயைவிட இந்த அம்மாள் மேல்தான் ஆத்திரம்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். எப்படி எடுத்தார், எப்படித் திருப்பினார், ஒன்றும் நினைவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போனில் தன் சொந்த வெப்சைட்டின் கணக்கைத் திறந்தார். அதிலும் அதே பிளகின்தான்.

இப்போது இருப்பவர்: ஒருவர். புதியவர். 'பெரிய வளைவு.'

அவர் அந்த வளைவை இன்னும் தாண்டவில்லை. தாண்டும்போது திரையில் 'பாலம்' என்று வந்தது. பாலத்துக்கு அவர் வந்தபோது 'பெட்ரோல் பங்க்'. அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற அதே ரோட்டில்.

அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. குட்டியைத் தூங்கவைக்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்ய? விளக்கு வைத்த நேரம், காய்ச்சல் குழந்தை, தனியாக ஒருத்தி... மனிதருக்கு உயிரே கையில் இல்லை.

'தெரு முனை.' அப்புறம், 'வாசல் கேட்'.

வாசல் கேட்டில் நின்றது. நகரவில்லை.

மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். ஏன் என்றால் அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. எல்லோரையும் போல அவரும் தன் வீட்டு இன்டர்நெட் இணைப்பை விலக்குப் பெட்டியில் போட்டிருந்தார். குடிவந்த அன்றைக்கே, பால் காய்ச்சி முடித்த கையோடு போட்டது. வீட்டுக்குள் இருப்பது எதுவும் அவர் கணக்கில் தெரியாது. கேட்டைத் தாண்டி அது உள்ளே கால் வைத்தால் திரை பூஜ்யம் ஆகிவிடும். குட்டியின் அறைக்குப் போனதா, சமையலறைக்குப் போனதா... ஒன்றும் தெரியாது.

விலக்குப் பெட்டியைத் திறந்தார். வீட்டு இணைப்பை அழித்தார். சேமித்தார்.

இப்போது இருப்பவர்: இருவர்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்று, புதியவர், 'வாசல் கேட்'. அது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது... 'திரும்ப வந்தவர்' என்று போட்டிருந்தது. முதல் வருகை, அவர்கள் குடிவந்த நாள். மொத்த வருகை, அந்தக் கட்டத்தில் எண் அடங்கவில்லை. இருக்கும் இடம், 'குட்டியின் கட்டில்'.

அந்த வரி மெதுவாக மாறியது. 'கூடம்.' பிறகு 'வாசற்படி'.

உடனே மேலே இருந்த வரி மாறியது. 'வெளியேறினார்.' விடுதியிலிருந்து அத்தனை தூரம் வந்தது, கேட்டில் நின்று, உள்ளே எட்டிப்பார்த்து, வந்த வழியே ஓடிவிட்டது. அந்த அம்மாளிடமே போய்ச் சேர்ந்திருக்கும், நன்றாக வேண்டும். ஆனால் மாப்பிள்ளைக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எதைப் பார்த்து அது ஓடியதோ, அது வாசற்படியிலிருந்து திரும்பிக் கூடத்துக்குப் போயிற்று. கூடத்திலிருந்து குட்டியின் கட்டிலுக்கு.

அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாமல் இடித்தார். அக்கா பதறிப்போய்த் திறந்தாள். "என்ன இப்படிக் கதவை உடைக்கிறீங்க? இப்பதான் காய்ச்சல் விட்டுத் தூங்குறா!" அவர் செருப்போடு உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கதவு இடுக்கில் பார்த்தார், பீரோவைத் திறந்தார். ஒன்றும் இல்லை. குட்டி நெற்றி குளிர்ந்து அசந்து தூங்கினாள். போர்வை கழுத்துவரை ஒழுங்காக மடித்துவிடப்பட்டிருந்தது. அக்காவுக்கு அப்படி மடிக்கிற வழக்கமே கிடையாது.

அன்றிரவே இருவரையும் கூட்டிக்கொண்டு சோடா வீட்டுக்கு வந்துவிட்டார். சோடாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. கேலி செய்யத்தான் வாயைத் திறந்தான். மாப்பிள்ளை போனை நீட்டினார். 'மாமாவின் அறை, ஜன்னல் ஓரம்.' மாமா என்றால் குட்டிக்குச் சோடாதான். அவன் அறையில் அந்த ஜன்னல் ஓரத்துப் பாயில்தான் அவள் படுத்திருந்தாள். சோடா அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் தூங்கப் போனான், தப்பித்தவறி எதுவும் தெளிவாகத் தெரிந்துவிடக் கூடாதென்று.

இரண்டு வாரம் அங்கே இருந்தார்கள். குட்டி எந்த அறையோ, திரையிலும் அந்த அறைதான். எங்கே போனாலும் கூட வருகிறது என்றான பிறகு எந்த வீடாக இருந்தால் என்ன? தங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். அக்கா அந்தக் கணக்கைப் பார்க்க மறுத்துவிட்டாள். "அதை அணைச்சுத் தொலைங்க. குழந்தை நல்லாத்தானே இருக்கா? முன்னைக்கு இப்ப நல்லா சாப்பிடுறா, அழாம தூங்குறா. அதைப் பார்த்துப் பார்த்து நீங்கதான் பேய் மாதிரி ஆயிட்டீங்க." மாப்பிள்ளை அணைக்கவில்லை. கூடத்து மேசையில் கணினியை எந்நேரமும் திறந்து வைத்திருந்தார். எங்கே நிற்கிறதென்று தெரிந்தாலாவது போதும் என்று அவருக்கு. மகளைப் பெற்றவன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்.

போன வாரம் ஒரு நாள். வெயில் சுள்ளென்று அடிக்கிற மத்தியானம். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குட்டி உள் அறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கூடத்து மேசையில் உட்கார்ந்து வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கணக்கைத் திறந்தார்.

'குட்டியின் அறை' என்ற வரி இல்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் காணோம். மனிதர் திரையில் மேலும் கீழும் தேடினார், போய்விட்டதா, நிஜமாகவே போய்விட்டதா என்று... ஆனால் கட்டம் காலியாக இல்லை.

இப்போது இருப்பவர்: இருவர். இருவருமே புதியவர்கள். ஒருவர் இருக்கும் இடம் 'சமையலறை'. இன்னொருவர் இருக்கும் இடம் 'கூடத்து மேசை'.

 சமையலறையில் இருந்தது அக்கா. கூடத்து மேசையில் இருந்தது அவர்.

விலக்குப் பெட்டியைத் திறந்தார். நம் வீட்டு ஆட்கள், எண்ணாதே என்று எழுதுகிற பெட்டி. அன்றைக்கு ரோட்டோரத்தில் அவர் அழித்ததிலிருந்து காலியாக இருந்த பெட்டி. அதில் இப்போது இரண்டு வரிகள். முதல் வரியில் எழுத்து மாதிரி ஏதோ இருந்தது, படிக்க முடியவில்லை. இரண்டாவது வரியில் குட்டியின் செல்லப் பெயர்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் உள் அறையிலிருந்து குட்டியின் குரல் கேட்டது. யாரிடமோ மெல்ல, ரகசியம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் எப்ப போவாங்க?"